அம்மா கொண்டுவராத கோட்டு

குப்பை கொட்டுவதற்கு எனக்கு ஏழு நிமிடம் ஆகிறது. குப்பைத்தொட்டி வாசலிலிருந்து இருபதடி தூரத்தில்தான் இருக்கிறது. ஏழு நிமிடமும் உடுத்துவதற்கே போய்விடும். கம்பளிக் காலுறை, பூட்ஸ், ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கான ஜாக்கெட், கழுத்துக்கு ஒரு துணி, தலைக்குத் தொப்பி. கையுறை மாட்டிய பிறகுதான் ஜிப்பை இழுக்கவில்லை என்பது நினைவுக்கு வரும். கழற்றி, இழுத்து, மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போனால், பக்கத்து வீட்டு மோராக் கிழவி அரைக்கைச் சட்டையோடு தன் தொட்டியை உருட்டிக்கொண்டு போவாள். மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருக்கும். "நாட் எ பேட் டே" என்பாள். மோசமில்லாத நாளாம். பன்னிரண்டு வருடமாக ஸ்காட்லாந்தில் இந்தக் கிளாஸ்கோ நகரத்தில் இருக்கிறேன், மோசமான நாள் என்று இங்கே ஒருவரும் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை. பட்டினப்பாக்கத்தில் குப்பை கொட்ட எங்களுக்கு ஒரு சீருடை உண்டு. நைட்டி, தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டை மட்டும் போட்டுக்கொண்டால் குப்பைத்தொட்டி என்ன, ரேஷன் கடை, மருந்துக் கடை, அவசரமென்றால் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் மரியாதையாகப் போய் வரலாம்.

பட்டினப்பாக்கம் என்று எழுதிவிட்டேன், கவனித்தீர்களா? ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு இது ஒன்றுமில்லை. இந்த ஊர்த் தமிழர்கள் படித்தால் புருவத்தை உயர்த்தியிருப்பார்கள். ஏனென்றால் இத்தனை வருடமாக நான் அவர்களிடம் சொல்லி வந்தது சாந்தோம். வெளிநாட்டில் இரண்டு சென்னைக்காரர்கள் சந்தித்தால் பேர் கேட்பதற்கு முன்னால் "சென்னைல எங்க?" என்று கேட்டுக்கொள்வோம். கேட்கிறவருக்கு வழி தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்பதில்லை. நம்மை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரிய வேண்டும். அதனால் எல்லோரும் வீட்டைக் கொஞ்சம் நகர்த்தித்தான் சொல்கிறோம். நானும் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டைத் தூக்கிக்கொண்டு போய் சாந்தோம் சர்ச் பக்கத்தில் வைத்தேன். நடந்து போகிற தூரம்தானே, பெரிய பொய் இல்லை என்று சமாதானம் வேறு. ஆனால் அடுத்த கேள்வி உடனே வந்துவிட்டது. அம்மா என்ன பண்றாங்க? நான் இங்கே வந்த முதல் வருடப் பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில், கையில் காகிதத் தட்டோடு நின்றுகொண்டு சொன்னேன். "டீச்சர்."

என் அம்மா தனலட்சுமி மூன்றாம் வகுப்பு முடிக்காதவள். பஸ் நம்பர் படிப்பாள், கையெழுத்துப் போடுவாள், அவ்வளவுதான். முப்பது வருடமாகப் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, லோடு ஆட்டோவில் ஐஸோடு ஐஸாக உட்கார்ந்து திரும்பி, வெயில் ஏறுவதற்குள் பலகையில் மீனைப் பரப்பிக் கடை போட்டுவிடுவாள். நான் நர்சிங் படித்ததும் இந்த நாட்டுக்கு வந்ததும் அந்தப் பலகையிலிருந்துதான். டீச்சர் என்று யோசித்துச் சொல்லவில்லை, எனக்கு வாயில் வந்தது அது. ஒரு தடவை சொன்னதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. வருடத்துக்கு வருடம் அது வளர்ந்தது. கணக்கு டீச்சரா, தமிழ் டீச்சரா என்று யாரோ கேட்க, தமிழ் என்று சொல்லி வைத்தேன்.

போன குளிர்காலத்தில் நான் இங்கே ஒரு சின்ன வீடு வாங்கினேன். சாவி கைக்கு வந்தது டிசம்பரில். வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டும், அதை அம்மாதான் காய்ச்ச வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை வருடம் "கடைய யாரு பாக்கறது" என்று தட்டிக்கழித்தவள், பால் என்றதும் சரி என்றாள். ஜனவரியில், இந்த ஊரில் குளிரும் மழையும் கூடின மாதத்தில், வருவதாக முடிவானது. நான் பட்டியல் போட ஆரம்பித்தேன். உள்ளே போட தெர்மல், அதன்மேல் பேன்ட், பூட்ஸ், கையுறை. ஊருக்குப் போன தோழி ஒருத்தியிடம் அவற்றோடு என்னுடைய நல்ல கோட்டையே கொடுத்தனுப்பினேன். சாம்பல் நிறம், முழங்காலுக்குக் கீழே வரும், கழுத்து வரைக்கும் பட்டன். ஆஸ்பத்திரி ஊழியர் அறையில் எல்லாக் கோட்டும் ஒரே மாதிரி தொங்கும், மாறிப்போகும் என்பதால் காலரின் உள்பக்கத்தில் எழில் என்று என் பேரைத் தமிழில் நூலால் தைத்திருந்தேன். அம்மா வீடியோவில் பேன்ட்டைத் தூக்கிக் காட்டி, "இத்தையா? இது இன்னாத்துக்குடி?" என்று கேட்டாள். "குளிருக்கும்மா" என்றேன். சேலைக்கு மேல் தெர்மல் போடமுடியாதா என்றாள். "சேலையே வேணாம்மா, கோட்டைப் போட்டு மூடிடு, அது போதும்" என்றேன். மூடிடு என்ற சொல்லை நானேதான் சொன்னேன். அப்போது அது எனக்குக் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் அவள் வெளியே வந்த கோலத்தை நான் மறக்க முடியாது. பச்சைப் பருத்திச் சேலை, கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் செருகியிருந்தாள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர். ஸ்வெட்டருக்கு மேல் அப்பாவின் நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. காலில் கேன்வாஸ் ஷூ. கடைக்குப் போகிற அதே உடுப்பு. மீன் விற்கும் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போடுவதை ஊரில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெயில் தோலை எரிக்காது, ஐஸ் தண்ணீர் ரவிக்கையை நனைக்காது. அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது, அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாகக் கடையில் கிழித்துத் தீர்த்து, மிச்சம் இருந்தது இந்த நீலம்தான். அவ்வளவு பெரிய கட்டடத்தில் எல்லோரும் கருப்பும் சாம்பலுமாகப் போய்க்கொண்டிருக்க, அவள் மட்டும் தனியாகத் தெரிந்தாள். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்தேன் என்று எழுத ஆசைதான். நான் முதலில் கேட்டது, "கோட்டு எங்கம்மா?"

"செல்விக்கு குட்த்துட்டேன்."

செல்வி எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறாள். "அது ஃபாரின் கோட்டும்மா, உனக்காக அனுப்பினது" என்றேன்.

"அவ நாள் பூரா ஐஸ் ரூமுக்குள்ள நின்னுகினு கீறா எயிலு. ஒரு பழைய சாக்க போட்டுகினு நிக்குது அந்தப் பொண்ணு. அவளுக்கு தேவயா, எனக்கு தேவயா? இங்க இன்னா, வூட்டுக்குள்ள ஈட்டர் வெச்சிகினு கீற."

"இங்க எவ்ளோ குளிர் தெரியுமா?"

"எனக்கு குளுர சொல்லித் தர்றியா நீ? முப்பது வருசமா ஐஸ் பொட்டிக்குள்ள கைய வுட்டுகினு கீறவ நானு." கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பேன்ட் எங்கே என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. பெட்டியைத் திறந்தபோது, கோட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் நெத்திலிக் கருவாடு இருந்தது.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. மார்கழி காலையில் அம்மாவோடு நானும் எத்தனையோ முறை மயிலாப்பூர் வழியாக வந்திருக்கிறேன். கோயில் குளத்தைச் சுற்றி நடக்கும் பெரியவர்கள் மங்கி கேப்பும் மஃப்ளரும் ஸ்வெட்டருமாக, கண் மட்டும் தெரிய, இமயமலைக்குக் கிளம்பினவர்கள் மாதிரி போவார்கள். அந்த நேரத்தில் அம்மா லோடு ஆட்டோவில் மீன் கூடையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வரைக்கும் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருப்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் கடையிலிருந்து நேராக வந்து நெற்றியில் கையை வைப்பாள். சில்லென்றிருக்கும். ஈரத்துணி போட வேண்டிய அவசியமே எங்கள் வீட்டில் வந்ததில்லை. இப்போது வார்டில் காய்ச்சல்காரர்களைத் தொடும்போதெல்லாம் என் கை சூடாக இருப்பது எனக்கு ஒரு குறையாகவே படும்.

வந்த மூன்றாம் நாளே அவள் இந்த ஊர் மழைக்குத் தன் வழியில் உடுத்தத் தொடங்கிவிட்டாள். கடையில் இடுப்பில் கட்டும் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டையும் கொண்டுவந்திருந்தாள். சேலையை முட்டி வரைக்கும் ஏற்றிச் செருகி, உள்ளே நான் கொடுத்த தெர்மலைப் போட்டு (அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டாள்), இடுப்பில் பிளாஸ்டிக்கைச் சுற்றி, காலில் என் ரப்பர் பூட்ஸ். குடையை வாங்கவே மாட்டேன் என்றாள். காற்றில் என் குடை தலைகீழாகத் திரும்பியதைப் பார்த்து ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள். என் ஜீன்ஸ் தொடை வரை நனைந்து மறுநாள் வரை காயாமல் கிடக்கும். அவள் வீட்டுக்குள் வந்து பிளாஸ்டிக்கை உதறிவிட்டு, செருகலை இறக்கிவிட்டால் தீர்ந்தது, சேலை அப்படியே காய்ந்திருக்கும். மோராக் மட்டும் அவள் வெறுங்கையைப் பார்த்து உருகிப்போனாள். நான் கையுறை வாங்கித் தராமல் பெற்றவளைக் கொடுமை செய்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, தன் கையால் பின்னிய சிவப்புக் கையுறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டு, "நல்ல பொம்பள, பாவம், ஏதோ விக்கிறா போல" என்று சொல்லி, பதிலுக்கு வறுத்த மீன் நாலு துண்டு தட்டில் வைத்து நீட்டினாள். இரண்டு பேரும் வியாபாரம் முடிந்த திருப்தியோடு பிரிந்தார்கள்.

அந்த வாரம் சனிக்கிழமை மீன் கடைக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் ஐஸ் மேல் மீன்கள் வரிசையாக இருந்தன. பேர் தெரியாத மீன்களையெல்லாம் முறைத்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்று, "தோ, கானாங்கத்த!" என்று கூவினாள். மாக்கரல் என்று எழுதியிருந்தது. ஊர்ச் சொந்தக்காரன் ஒருவனைப் பார்த்த மாதிரி அவள் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடிக்கு மேலாகக் கையை விட்டு ஒன்றை எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்தாள். கடைக்காரர், ஐம்பது வயது இருக்கும், தொடக்கூடாது என்று பதறிக்கொண்டு வந்தார். "கோச்சிக்காத நைனா, மீனு நல்லா கீது, நேத்து புட்ச்சதுதான். நானும் மீன்காரிதான், முப்பது வருசமா விக்கிறேன்" என்று அவரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "சொல்லுடி அவருகிட்ட" என்றாள்.

கடையில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். தமிழர் ஒருவர்கூட இல்லை. இருந்தும் நான் சொன்னது, "ஷி லைக்ஸ் ஃபிஷ்." அவளுக்கு மீன் பிடிக்குமாம். அவர் மரியாதைக்குச் சிரித்துவிட்டு மீனைக் காகிதத்தில் சுற்றினார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அம்மாவின் பிளாஸ்டிக்கில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அங்கே போய் நின்றதும் கேட்டாள்.

"நா அவ்ளோ சொன்னேன். நீ மூணு வார்த்த சொன்ன. அதுக்கு அவன் சிர்ச்சான். மீன்காரின்னு சொல்லியிருந்தா அவன் சிரிக்க மாட்டான் எயிலு. தன் கைய பாப்பான், என் கைய பாப்பான். இன்னா சொன்ன?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"அந்தக் கோட்ட குளுருக்கா அனுப்புன? என்ன மூடறதுக்கா?"

பட்டியலில் நான் எழுதிய ஒவ்வொன்றும் அப்போது எனக்குப் புரிந்தது. கழுத்து வரைக்கும் பட்டன், முழங்காலுக்குக் கீழே நீளம், கையுறை. குளிர் ஒரு சாக்கு. கோட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் என் தேவை. அன்றைக்கே அவளிடம் டீச்சர் விஷயத்தையும் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை, கோழை.

மறுநாள் பொங்கல் விழா. இந்த ஊர்த் தமிழர்கள் சேர்ந்து ஒரு சமூகக் கூடத்தை வாடகைக்கு எடுத்துக் கொண்டாடுவார்கள். தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்பதால் பொங்கல் பானை மின்சார அடுப்பில் பொங்கும். கார் நிறுத்துமிடத்திலிருந்து கூடம் வரைக்கும் தண்ணீர் தேங்கியிருந்தது. பட்டுச்சேலையும் அதன்மேல் ஊதின பஞ்சு ஜாக்கெட்டுமாக எல்லாப் பெண்களும் கொசுவத்தை ஒரு கையிலும் பிள்ளையை ஒரு கையிலும் பிடித்துத் தத்தித் தத்தி வந்தார்கள். அத்தனை பட்டும் அடியில் கறுத்து நனைந்திருந்தது. அம்மா தன் ஒரே அரக்குப் பட்டை முட்டிக்கு ஏற்றிச் செருகி, மேலே அப்பாவின் சட்டையோடு, தண்ணீருக்குள் கிடுகிடுவென்று நடந்து முதல் ஆளாக உள்ளே போனாள். வாசலில் செருகலை இறக்கி ஒரு உதறு உதறினாள். சட்டையைக் கழற்றச் சொன்னேன். "குளுருதும்மா இங்க" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

மாலதி அக்கா ஓடி வந்தார். அடையாறுக்காரர், விழாவை முன்னின்று நடத்துகிறவர், நல்ல மனுஷி, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வருகிறவர். "டீச்சர், வாங்க வாங்க! எழில் எவ்ளோ சொல்லியிருக்கா. இன்னிக்கு நீங்கதான் எங்களுக்கு சீஃப் கெஸ்ட். குழந்தைங்க குறள் ஒப்பிச்சிருக்காங்க, நீங்களே பேர் படிச்சு பரிசு குடுத்து நாலு வார்த்தை பேசணும்" என்று சொல்லி, மறுக்க இடம் கொடுக்காமல் அம்மாவின் கையில் ஒரு தாளைத் திணித்து, தோளைப் பிடித்து மேடைக்கே அழைத்துப் போய்விட்டார். அம்மாவுக்கு டீச்சர் என்ற சொல் கேட்டது. தாளைப் பார்த்தாள். பதினொரு பிள்ளைகளின் பேர், நெருக்கி அச்சடித்தது. பிறகு அந்தக் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் பயந்திருந்தாள். ஏலத்தில் அத்தனை ஆண்களுக்கு நடுவே நின்று குரல் கொடுப்பவள், போலீஸ்காரனிடம் கடையைக் காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்தவள், ஒரு தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் வாயைத் திறக்காமல் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. பொய் சொன்னவள் நான், மாட்டிக்கொண்டு நிற்பவள் அவள்.

மேடைக்குப் போய் மைக்கை வாங்கினேன். என்ன சொன்னேன் என்று அழகாக எழுதிவைக்க இப்போது நேரம் இருக்கிறது, ஆனால் அன்று வந்தது இவ்வளவுதான். "எங்கம்மா டீச்சர் இல்ல. நான் பொய் சொன்னேன். எங்க வீடு சாந்தோம் இல்ல, பட்டினப்பாக்கம். எங்கம்மா அங்க மீன் விக்கிறாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. பேரை நான் படிக்கிறேன், பரிசை அவங்க குடுப்பாங்க. யாருக்காவது அவங்க கையால வாங்க இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க."

கடைசி வரி தேவையில்லாதது. யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அடுப்பில் பொங்கல் பொங்கி வழிந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. நான் ஒவ்வொரு பேராகப் படித்தேன். பிள்ளைகள் வந்தார்கள், அம்மா ஒவ்வொருவர் கன்னத்தையும் தொட்டு, நெட்டி முறித்து, பரிசைக் கொடுத்தாள். "கை ஜில்லுன்னு இருக்கு" என்று ஒரு சிறுமி சிரித்தாள். முடிந்ததும் அம்மா மைக்கைத் தானே வாங்கிக்கொண்டாள். நாலு வார்த்தை பேசச் சொன்னார்களே, பாக்கி வைப்பானேன்?

"நல்லா படிங்க கண்ணுங்களா. மீனு வாங்கசொல்ல செவுள பாத்து வாங்குங்க. செவப்பா கீதான்னு பாருங்க. கடக்காரன் தொடாதன்னு சொல்லுவான், வுடாதீங்க."

சாப்பாட்டு வரிசையில் இரண்டு பேர் என்னைப் பார்க்காத மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாலதி அக்கா, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே எழில், நாங்க என்ன நினைச்சிருப்போம்னு நினைச்ச?" என்று வருத்தப்பட்டார். உண்மையில் வருத்தம்தான், ஆனால் அம்மாவிடம் அதன் பிறகு அவர் வரவில்லை. வேளச்சேரி சங்கர் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடும் ஒருவர் என் பக்கத்தில் வந்து, சாம்பாரை ஊற்றிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில், "நான் வேளச்சேரி இல்லீங்க, ஆதம்பாக்கம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும். பன்னிரண்டு வருடம் அவர்கள் பேசக்கூடாது என்பதற்காக உடுத்தினேன், போதும். சென்னைல எங்க என்று இனி யார் கேட்டாலும் பட்டினப்பாக்கம், மீன் கடை வரிசை, தனலட்சுமியின் பலகை என்று சொல்கிறேன். சிலர் "ஓ" என்கிறார்கள். அந்த "ஓ" எவ்வளவு நீளமாக இருக்கிறது என்று கவனிப்பது இப்போது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

குடியேறிய பிறகும் நல்ல நாளுக்காகத் தள்ளிவைத்திருந்த பாலை விழா முடிந்த மறுநாள் அம்மா புது வீட்டில் காய்ச்சினாள். அடுத்த சனிக்கிழமை அதே மீன் கடைக்கு அவளைக் கூட்டிப்போய், சொல்லாமல் விட்ட வாக்கியத்தை முழுசாகச் சொன்னேன். அவள் சொன்னது சரிதான். அவர் சிரிக்கவில்லை. அவள் கையைப் பார்த்தார். கையுறையைக் கழற்றி, கத்தி கிழித்த தன் கட்டைவிரலைக் காட்டினார். அம்மா தன்னுடையதைக் காட்டினாள். எனக்கு மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அவள் அப்பாவின் சட்டையைத் துவைத்து, என் வாசல் கதவுக்குப் பின்னால், என் ஜாக்கெட்டுகளோடு சேர்த்து மாட்டினாள். "இது இங்கியே கெடக்கட்டும். அடுத்த தபா வரசொல்ல சொமந்துகினு வரத் தேவையில்ல" என்றாள். கடைக்கு என்ன போடுவாய் என்று கேட்டதற்கு, சேலைக்கு மேல் உன் பழைய நைட்டியையே மாட்டிக்கொள்கிறேன் என்றாள். இப்போது குப்பை கொட்டப் போகும்போது ஸ்வெட்டருக்கு மேல் நான் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். மூன்று நிமிடம் மிச்சம். மழையில் நனைந்தால் நெத்திலி வாசனை லேசாக வரும். மோராக் மூக்கைச் சுருக்கிவிட்டு, மோசமில்லாத நாள் என்பாள்.

போன வாரம் செல்வி ஒரு படம் அனுப்பினாள். ஐஸ் கம்பெனியின் குளிர் அறை. ஐஸ் பாளங்களுக்கு நடுவே, முழங்காலுக்குக் கீழ் வரை என் சாம்பல் கோட்டு, பட்டன் ஒன்றுகூடப் போடாமல். காலரைப் பிரித்து, உள்ளே தைத்திருந்த என் பெயரைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அதன்கீழே எழுதியிருந்தாள்: "இங்க எல்லாரும் என்ன எழிலுன்னுதான் கூப்புட்றாங்க. நீ வரியா, இல்ல இங்க எழிலு பாக்க வேண்டிய வேலையையும் சேத்து நானே பாத்துகினு இருக்கட்டா?"